மண்வெட்டிக்கு எத்தனை பதக்கம்?

முதல் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் வாங்கிய இந்தியப் படை வீரர்கள் 11 பேர். இந்தியச் சிப்பாய்களும் அந்தப் பதக்கத்துக்கு உரியவர்கள் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்ததே 1911 டெல்லி தர்பாரில்தான். மூன்றே ஆண்டில் போர் வந்துவிட்டது. பட்டியலைப் புரட்டினால் பஞ்சாப், கார்வால், காங்ரா, ராஜஸ்தான், எல்லைப்புறப் பத்தான் நாடு, நேபாளம் என்று ஊர்கள் வருகின்றன. சென்னை மாகாணத்துக்காரர் ஒருவர்கூட இல்லை.

தெற்கத்தியானுக்குச் சண்டை வராது என்று நம்பியவர்களுக்கு இந்தப் பட்டியல் கைக்கு அடக்கமான சாட்சி. அந்தச் சாட்சியைச் செங்கல்பட்டுச் சீமையில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம். செங்கல்பட்டு என்று இங்கே நான் சொல்வது பழைய ஜில்லாவை. பரங்கிமலை, பல்லாவரம் பாசறைகளும், காஞ்சிபுரமும், மதுராந்தகமும், கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டிப் போகும் கடற்கரையும் அதில் அடக்கம். 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. இந்தச் சீமைக்காரர்கள் பதுங்குகுழிப் போரில் செய்த வேலை ஒன்று, பதக்கங்கள் அளந்த செயல் வேறொன்று என்பது என் கட்சி.

பதக்கம் எதை அளந்தது என்பதை முதலில் பார்ப்போம். பதுங்குகுழியை நேர்கோட்டில் வெட்டுவதில்லை. நேராக வெட்டினால் ஒரு முனையில் புகுந்த எதிரி மறுமுனை வரை சுட்டுத் தள்ளிவிடுவான். ஒரு குண்டு விழுந்தால் சிதறல் குழி நெடுகப் பாயும். அதனால் சில கஜத்துக்கு ஒரு மண் திட்டை விட்டு, அதைச் சுற்றி வளைத்து வெட்டுவார்கள். எதிரியின் குழியைப் பிடிப்பது என்றால் இந்த வளைவு ஒவ்வொன்றையும் பிடிக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் யார், என்ன ஆயுதத்தோடு நிற்கிறார்கள் என்று தெரியாது. கையெறி குண்டை வீசிவிட்டு யாராவது ஒருவர் முதலில் திரும்பியாக வேண்டும். 1914 நவம்பர் 23 இரவு பிரான்சில் ஃபெஸ்டூபேர் அருகே கார்வால் படையின் நாயக் தர்வான் சிங் நேகி தலையிலும் கையிலும் காயம் பட்ட பிறகும் ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆளாகத் திரும்பினார். 1915 மார்ச் 10 அன்று நவ்ஷாபெல்லில் அதே படையின் கப்பர் சிங் நேகி அதையே செய்து உயிரை விட்டார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ். கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே பட்டியலில் இன்னும் இரண்டு பேரை நிதானமாகப் பார்க்க வேண்டும். இருவரும் மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், போரிட்டவர்கள். 1916 ஜனவரி 13 அன்று வாடி என்ற இடத்தில் படைத்தலைவர் குண்டடிபட்டு வெட்டவெளியில் விழுந்தார். சத்தா சிங் என்ற சிப்பாய் மறைவிலிருந்து வெளியே வந்து அவருக்குக் கட்டுப் போட்டார்; இடுப்பில் இருந்த சிறு மண்வெட்டியால் அவரைச் சுற்றி மண்ணைப் பறித்து மறைப்புக் கட்டினார்; இருட்டும் வரை 5 மணி நேரம் தன் உடம்பையே தடுப்பாக வைத்துப் படுத்திருந்தார். மற்றவர் நாயக் ஷாஹமத் கான். அதே ஆண்டு ஏப்ரலில் பெய்த் அயீசா அருகே, எதிரிக்கு 150 கஜ தூரத்தில், இயந்திரத் துப்பாக்கியோடு அணியில் விழுந்த ஓட்டையை 3 மணி நேரம் அடைத்து நின்றார். பின்வாங்க உத்தரவு வந்ததும் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காயம்பட்ட ஒருவரையும் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு மறுபடியும் போய் மீதித் தளவாடங்களையும் எடுத்துவந்தார். விட்டுவந்தது இரண்டு மண்வெட்டிகள் மட்டும். இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. பதக்கச் சான்றுரையிலேயே அந்த இரண்டு மண்வெட்டிகளும் பதிவாகியிருக்கின்றன.

மண்வெட்டி பதக்கத்துக்கு ஆகாத கருவி இல்லை என்பதற்குச் சத்தா சிங்கே சாட்சி. ஆனால் பகல் வெளிச்சத்தில், அதிகாரிகள் பார்த்திருக்க, படைத்தலைவரின் உயிரைக் காக்க வெட்டிய மண் அது. இரவில் பெயர் தெரியாத நாற்பது பேருக்காக வெட்டிய குழிக்கு அப்படி ஒரு சாட்சி கிடைப்பது அரிது. பதக்கத்துக்குப் பரிந்துரை வேண்டும். பரிந்துரைக்க நேரில் கண்டவர் வேண்டும். கண்டவர் உயிரோடு திரும்பி வந்து, எழுத்தறிந்த ஓர் அதிகாரியிடம் சொல்லவும் வேண்டும். குழி தோண்டுகிறவனுக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பெரும்பாலும் அறுந்திருக்கும்.

நம் பக்கத்து ஆட்கள் பெயரெடுத்தது அந்த இருட்டு வேலையில். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தார்கள். அதற்கு 20 நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, சென்னைக் கோட்டையில் பயனியர் கம்பெனிகள் இரண்டு தொடங்கப்பட்டன. பாதை போட, பாலம் கட்ட, முற்றுகைக் குழி வெட்ட ஆள். இதுவே வளர்ந்து மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனது; இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் எஞ்சினியர் குரூப். படைக்குள் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. வெள்ளைக்கார அதிகாரிகளும் தமிழில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஈரம் பார்த்து மண் வெட்டவும், கரை சரியாமல் சாய்வு விட்டுப் போடவும், மதகுப் பக்கம் மண்ணைத் திமிசு போட்டு இறுக்கவும் இங்குள்ள உழைப்பாளிச் சாதிகளுக்குத் தலைமுறைப் பழக்கம். ஆள் எடுத்த அதிகாரிகள் இதை யோசித்துத்தான் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் முழங்கால் சேறாகும் மெசபடோமியக் களிமண்ணில் அந்தக் கைப்பழக்கம் வீண்போயிருக்காது.

பதுங்குகுழிப் போருக்குத் தம்பிகளின் படை தந்த கொடை ஒன்றை உலகமே அறியும், தம்பிகளின் பெயர் இல்லாமல். எதிரியின் குழிக்கு முன்னால் முள்கம்பிச் சுருள் கிடக்கும். பீரங்கியால் அடித்தால் கம்பி துள்ளி மறுபடி அங்கேயே விழும். வெட்டுக்கத்தரியோடு ஊர்ந்து போகிறவன் திரும்புவது சந்தேகம். 1912இல் பெங்களூரில் மதராஸ் சாப்பர்களின் அதிகாரி மெக்ளின்டாக், வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீட்டி, மறைவில் இருந்தபடியே கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கவைக்கும் உபாயத்தைக் கண்டார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று பெயர். மேற்கு முனைப் பதுங்குகுழிகளிலும் 1944 நார்மண்டிக் கரையிலும் வழி திறந்தது அதுதான். குழாயைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து போகும் ஆள் ஒருவன் அப்போதும் தேவைப்பட்டான்.

முதல் போரில் மதராஸ் சாப்பர்களின் 12, 13ஆம் கம்பெனிகள் மெசபடோமியாவில் 14ஆவது இந்திய டிவிஷனோடு இருந்தன. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் எதிர்க்கரைத் துப்பாக்கிகளுக்கு நேரே டைகிரிஸ் ஆற்றைக் கடந்தது அந்த டிவிஷன். மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. ஆற்றைக் கடப்பதில் துப்பாக்கி வைத்திருப்பவனாவது திருப்பிச் சுடலாம். துடுப்புப் போடுகிறவனுக்கும் பாலத்துக்குப் பலகை அடுக்குகிறவனுக்கும் அந்த ஆறுதலும் கிடையாது. இந்தச் சாப்பர்களுக்குப் பதக்கமே இல்லை என்று சொல்லக் கூடாது. கம்பெனி 1837இல் தொடங்கிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டும், 1907இல் வந்த இந்தியச் சிறப்புச் சேவைப் பதக்கமும் அவர்களுக்கும் கிடைத்திருக்கின்றன. ஆனால் பள்ளிப் பாடத்துக்கும் அஞ்சல் தலைக்கும் போவது உச்சிப் பதக்கம் ஒன்றுதான். கணக்கு அங்கேதான் பிசகுகிறது.

இன்னொரு பிசகு சாதியும் இனமும் பற்றிய கொள்கையில். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியப் படை முழுதுக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கின் நீண்ட அமைதியில் இங்குள்ள சிப்பாய்க்கு வீரம் மங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். வடக்கே இருந்தவை ‘போர் இனங்கள்’ ஆயின. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பெயரை வைத்துக்கொண்டு ஆட்கள் மாற்றப்பட்டார்கள். 29ஆவது மதராஸ் காலாட்படை அப்படி மாறியது. 1890களில் தெற்கத்திச் சிப்பாய்கள் வெளியேற, பஞ்சாபியர் உள்ளே வந்தனர். 1903இல் அதன் பெயர் 89ஆவது பஞ்சாபிகள். மண்வெட்டியை விட்டுவந்த ஷாஹமத் கான் அந்தப் பட்டாளத்துக்காரர். சென்னைப் படையில் பிறந்த பட்டாளத்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்கத்தான் செய்தது. சென்னை ஆட்கள்தான் அப்போது அதில் இல்லை. கேள்வித்தாளே கொடுக்காமல் தோல்வி என்று எழுதிவிட்டார்கள்.

போரில் ஒருமுறை கொடுத்தபோது நடந்ததையும் மறைக்க வேண்டாம். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்கு முன் சிதறி ஓடியது. கலைந்த தேனீக் கூட்டம் வேறு கொட்டித் தீர்த்தது. பழி மதராஸிச் சிப்பாய்மேல் விழுந்தது. அன்று அங்கே குலைந்த 13ஆவது ராஜபுத்திரப் படையை வைத்து ராஜபுத்திரர் போர் இனமே அல்ல என்று ஒருவரும் எழுதவில்லை.

இதற்கு எதிர்க்கணக்கு மாமல்லபுரம் கடற்கரையிலேயே இருக்கிறது. 1752இல் கோவளம் கோட்டையும் செங்கல்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. இரண்டையும் பிடிக்க ராபர்ட் கிளைவ் 500 புதுச் சிப்பாய்களோடும், லண்டன் தெருக்களில் பிடித்துக் கப்பலேற்றிய 200 வெள்ளைக்கார ஆட்களோடும் போனார். கோவளத்தில் கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டில் ஒருவன் செத்தான்; மிச்சப்பேர் அத்தனையும் ஓட்டம். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவல்காரன் ஒருவனைப் பல மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்கள். கிளைவ் குண்டு வரும் இடத்தில் தானே போய் நின்று அவர்களைக் கூச்சப்பட வைத்துப் பழக்கினார். சில நாளில் அதே கூட்டம் கோவளத்தைப் பிடித்தது. உதவிக்கு வந்த படையைத் தோப்பில் மறைந்திருந்து மடக்கி 300 பேரைச் சிறைபிடித்தது. செங்கல்பட்டுக் கோட்டைச் சுவரைப் பிளந்து சரணடைய வைத்தது. கிணற்றில் ஒளிந்தவனை வைத்து ஆங்கிலேயர் போர் இனமல்ல என்று எவரும் முடிவு கட்டவில்லை. பழக்கம் போதாது என்றார்கள். சரியான முடிவு. அதே நியாயம் 1914இல் பாளையங்கோட்டைப் படைக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்த மதராஸ் காலாட்படைகளும், வாலாஜாபாத் என்ற நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 83ஆவது பட்டாளம் உட்பட, 1920களில் கலைக்கப்பட்டன. 1933இல் பயனியர்களும் போயினர். சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். குழி வெட்ட ஆள் வேண்டுமே.

சாப்பர், பயனியர் படைகளுக்குள் யார் இருந்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் தன் ஜில்லாப் பறையர்களின் நிலமின்மையையும் அடிமை நிலையையும் அறிக்கையாக எழுதினார்; மறு ஆண்டு வந்த அரசாணையின் வழியேதான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அதே காலத்தில் அந்த மக்களுக்குச் சம்பளமும் சீருடையும் தந்த வாசல்களில் ஒன்று மதராஸ் சாப்பர் படை. ஊரில் மண்வெட்டி பிடித்தவர் பட்டாளத்திலும் மண்வெட்டியே பிடித்தார். ஆனால் இங்கே அது அரசாங்கத்து மண்வெட்டி, பென்ஷன் உண்டு. சாதி கருதிக் கீழாக நினைத்த வேலை, வீரக் கணக்கிலும் கீழ்ப்படியில் வைக்கப்பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் மீறி ஒரு பெயர் மேலே வந்தது, இரண்டாம் போரில். சுபேதார் சுப்பிரமணியன், பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர்களின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசீனோ மலைப்பகுதியில் போர் மறுபடியும் 1916 ஆகியிருந்தது. மழை, பனி, பாறைக்குள் பறித்த குழிகள், நகராத அணிகள். 4ஆவது இந்திய டிவிஷனின் சாப்பர்கள் பகலில் பதுங்கி இரவில் மலைப்பாதை வெட்டினார்கள். பின்வாங்கிய ஜெர்மானியர் நெடுக மிதிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணிவெடி நிலத்தில் சிக்கிக் காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவர ஒரு வழி திறக்க வேண்டியிருந்தது. வெடி அறியும் கருவியோடு சுப்பிரமணியன் முன்னால் போக, பின்னால் ஒரு லான்ஸ் நாயக் பாதுகாப்பான தடத்துக்கு வெள்ளை நாடா விரித்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் சற்றுத் தள்ளி. லான்ஸ் நாயக்கின் கால் ஒரு மிதிவெடியில் பட்டது. அது ஜெர்மானியரின் எஸ்-மைன் வகை. மிதித்தால் சுமார் 4 விநாடி கழித்து, தரையிலிருந்து ஒரு மீட்டர் துள்ளி எழும்பி, இடுப்பு உயரத்தில் வெடித்து நாலாபுறமும் இரும்புக் குண்டுமணிகளைத் தெறிக்கவிடும். குப்புற விழுந்தால் விழுந்தவன் தப்ப வழியுண்டு. சாப்பர் சுபேதாருக்கு இந்த 4 விநாடிக் கணக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்துதான் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அவர் இறந்தார், உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

கொடுத்தது ஜார்ஜ் கிராஸ். 1940இல் ஏற்படுத்திய இந்தப் பதக்கம், எதிரி நேருக்கு நேர் இல்லாத இடத்தில் காட்டிய உச்ச வீரத்துக்கு. வரிசையில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்து வைக்கப்படுவது. இங்கேதான் விதியை உரசிப் பார்க்க வேண்டும். 1941இல் எத்தியோப்பிய எல்லையில் பிரேமிந்திர சிங் பகத், பம்பாய் சாப்பர்களோடு இருந்த இளம் அதிகாரி, 4 நாளில் 55 மைல் பாதையில் 15 கண்ணிவெடி நிலங்களை அகற்றினார். அவருக்கு விக்டோரியா கிராஸ். 1948 ஏப்ரலில் நவ்ஷேரா - ரஜௌரி பாதையில் வெடியையும் தடைகளையும் அகற்றி டாங்கிகளுக்கு வழி திறந்த ராமா ராகோபா ராணே, அவரும் பம்பாய் சாப்பர், பரம்வீர் சக்கரம் பெற்றார். வேலை ஒன்று. பதக்கம் மாறியதற்குக் காரணம் அந்த நேரத்தில் எதிரி சுட்டுக்கொண்டிருந்தானா இல்லையா என்பது. விதிப்படி சரிதான். ஆனால் மிதிவெடியைப் புதைத்தவனே எதிரிதான். தான் இல்லாதபோதும் கொல்வதற்காகவே புதைத்தான். பதுங்குகுழிப் போரின் பாதி அந்த வகைச் சாவு. எதிரியின் முகத்தை அளவுகோலாக வைத்த விதி, மண்ணுக்கடியில் நடந்த போரை அளக்கத் தோதில்லாதது என்றே நான் நினைக்கிறேன்.

பதக்கத்துக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது: பெயராவது மிஞ்சியதா? பிரான்சில் 1927இல் திறந்த நவ்ஷாபெல் நினைவகத்தில் கல்லறை இல்லாத இந்தியர் 4,700 பேருக்கு மேல் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவகத்தில், நம் சாப்பர்கள் அதிகம் சேர வேண்டிய இடத்தில், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்க்குப் பட்டாளவாரியாக எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இப்படிப்பட்ட பாகுபாடுகளுக்கு 2021இல் மன்னிப்புக் கேட்டது. தமிழ்நாட்டு ஊர்களில் வெள்ளையர் பதித்த கல்வெட்டுகளிலும் இதே பாணிதான்: இவ்வூரிலிருந்து போனவர் இத்தனை, மாண்டவர் இத்தனை. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல், மாடு மீட்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தியின் பெயரைச் சொல்லி, அவனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் சொல்கிறது. பல்லவர் காலத்துக் கல்தச்சன் 7ஆம் நூற்றாண்டில் செய்ததைப் பேரரசு 20ஆம் நூற்றாண்டில் செய்யவில்லை.

விடுதலைக்குப் பின் இந்தப் பக்கத்துக்கும் உச்சிப் பதக்கம் வந்துவிட்டது. தாம்பரத்தில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு 2014இல் ஷோபியானில் மறைந்த பின் அசோகச் சக்கரம். 1999இல் பட்டாலிக் மலையின் பதுங்கு அரண்களைத் தாக்கி மறைந்த மேஜர் சரவணன் திருச்சிக்காரர் என்றாலும், பயின்றது பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில். அவருக்கு வீர் சக்கரம். முகுந்தைப் பற்றி 2024இல் ‘அமரன்’ படம் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. நல்லதே. கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதாருக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. அவர் உடல் இத்தாலியில் எரியூட்டப்பட்டு, சாங்ரோ நதிக்கரை நினைவகத்தில் பெயர் இருக்கிறது.

செய்யக்கூடிய வேலை ஒன்று பாக்கி. கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில், கல்லில் வெட்டாத சிப்பாய்களுக்கும் பல இடங்களில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்று குறிப்பு உண்டு. இணையத்தில் யாரும் பார்க்கலாம். செங்கல்பட்டு என்று தேடினால் வரும் ஊர்ப்பெயர்கள் பட்டாள எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. கீழ், மேல் பிரிந்து, பாக்கம் எல்லாம் ஒரே பாக்கமாகி, தாலுகா மாறி நிற்கும். மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் உத்திரமேரூரிலும் இருக்கும் கல்லூரி மாணவர்கள், தங்கள் பக்கத்து ஊர் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். லண்டனில் இருப்பவருக்கு அது முடியாது. அதோடு சாப்பர் படையின் மெரிட் பட்டியலையும் சிறப்புச் சேவைப் பதக்கப் பட்டியலையும் வைத்து ஒப்பிட்டால், இந்தச் சீமைக்கு உண்மையில் எத்தனை பதக்கம், யாருக்கு, எந்த வேலைக்கு என்பது ஊர்வாரியாகத் தெரியவரும்.